வீதிக்கும் பந்தயத் தடத்திற்கும் ஒரே கார்: வில்லும் ஷாக் அப்சார்பரும் தேர்ந்தெடுத்தல்

மாட்டு வண்டியில் பிரயாணம் செய்து பழகிய கிராமத்தார், வில் வண்டி வைத்திருப்பவரைச் செல்வர் என்று மதித்த காலம் ஒன்றுண்டு. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் சில அடுக்கப்பட்டிருந்தன என்பதைத் தவிர, அவ்வண்டிக்கும் மற்ற வண்டிகளுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆயினும் அப்பட்டைகள் செய்த வேலை சிறிதன்று. சக்கரம் கல்லின்மீது ஏறி இறங்கினாலும், கூண்டில் இருந்தவர் அவ்வளவும் ஏறி இறங்க வேண்டியதில்லை. சஸ்பென்ஷன் என்று பட்டறைகளில் வழங்கும் இன்றைய காரின் தாங்கு அமைப்பும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதற்கு இன்னொரு கடமையும் உண்டு. அஃது உட்கார்ந்திருப்பவரின் சுகத்தைப் பற்றியதன்று. டயரைத் தரையினின்றும் எழவிடாமல் வைத்திருப்பதாகும். ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளைப் பொறுத்தவை.

நம் நாட்டில் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் விருப்பம் பெருகியுள்ளது. முன்னாளில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், விமான ஓடுபாதையாக இருந்த இடத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடமும், 2003-இல் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள தடமும், 2011-இல் கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத்தா தடமும் ஏற்பட்டன. இங்கெல்லாம் வருவோரில் பலர் பந்தயத்திற்கெனத் தனி வண்டி வைத்துக்கொள்ள இயலாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை தடத்தில் ஓடிய அதே கார், திங்கட்கிழமை காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். இத்தகையவர் கடைக்குச் சென்று, “மிகவும் கெட்டியானது எது?” என்று கேட்டு வாங்குவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. இக்கேள்வியிலேயே பிழை உள்ளது.

பிழை எங்கே என்பதைக் காண, முதலில் ஒரு கணக்கு. வளைவில் விரைந்து திரும்பும் காரில், உட்புறச் சக்கரங்களின் பளு குறைந்து வெளிப்புறச் சக்கரங்களின்மீது ஏறுகிறது. 1,100 கிலோ எடையுள்ள ஒரு காரின் எடைமையம் தரைக்கு மேல் 50 செ.மீ. உயரத்திலும், இடவலச் சக்கரங்களின் இடைவெளி 150 செ.மீ. ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவான பக்க முடுக்கத்தோடு அது திரும்பும்போது, இடம் மாறும் பளு 330 கிலோ ஆகும். இந்தக் கணக்கில் வில்லின் விறைப்பு எவ்விடத்தும் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எடை, மையத்தின் உயரம், சக்கரங்களின் இடைவெளி, முடுக்கம் ஆகிய நான்குமே அதில் உள்ளன. கெட்டியான வில் வண்டியின் சாய்வைக் குறைக்கும். மாறும் பளுவை அநேகமாகக் குறைக்காது. சரி, வண்டியை 3 செ.மீ. தாழ்த்தினால் என்னவாகும்? 330 கிலோ என்பது 310 கிலோ ஆகும். பெரும் பொருள் செலவழித்துக் கிடைக்கும் பயன் இருபது கிலோ.

அப்படியாயின் பந்தயக் கார்களில் விறைப்பான வில்களை அமைப்பது ஏன் என்ற வினா எழும். சாய்வு மிகுந்தால் டயர் தன் விளிம்பில் நிற்க நேரிடும். உள்ளங்கையளவுப் பரப்பு பின்னும் சுருங்கும். விறைப்பான வில் இதைத் தடுப்பதோடு, ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி கீழ்ப்படியவும் உதவுகிறது. மேலும், மாறும் பளுவில் முன்னச்சு எவ்வளவு ஏற்பது, பின்னச்சு எவ்வளவு ஏற்பது என்ற பங்கீட்டை வில்களும் சாய்வைத் தடுக்கும் முறுக்குத் தண்டுகளும் தீர்மானிக்கின்றன. டயரின் பிடிப்பு பளுவுக்குச் சமவிகிதத்தில் வளர்வதில்லை. பளு ஏற ஏறப் பிடிப்பின் வளர்ச்சி குன்றுகிறது. ஆதலின் எந்த அச்சு மிகுதியான பங்கை ஏற்கிறதோ அந்த அச்சே முதலில் வழுக்கும். பின்புறத்தை மட்டும் விறைப்பாக்கிய கார், மழை நாளில் சாதாரண நெடுஞ்சாலை வளைவொன்றில் பின்பக்கம் வீசிச் சுழல்வதற்கு இதுவே காரணம். வழுவழுப்பான தடத்தில் சாமர்த்தியமாகத் தோன்றிய அமைப்பு, ஈரமான வீதியில் அபாயமாக மாறுகிறது.

வில்லின் விறைப்பை அளப்பதற்கு ஆசிரியர்கள் வகுப்பிலேயே ஒரு சோதனை செய்து காட்டலாம். ஒரு சுருள்வில்லில் எடையைத் தொங்கவிடும்போது அது 25 செ.மீ. நீளுமாயின், அந்த எடை விநாடிக்கு ஒரு முறை ஆடும். சற்று விறைப்பான வில்லில் அதே எடை 6¼ செ.மீ. மட்டுமே நீட்டினால், விநாடிக்கு இரு முறை ஆடும். அதாவது, ஆட்டத்தை இரு மடங்காக்க வில்லின் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். குடும்பக் கார்கள் பெரும்பாலும் விநாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறை வரை ஆடும் வகையில் அமைக்கப்படுகின்றன. ஒரு முன்சக்கரத்தின் வில் தாங்கும் எடை 300 கிலோ என்றும், ஆட்டம் 1.3 முறை என்றும் கொண்டால், சக்கரத்தினிடத்தே வேண்டிய விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. இதை 3 கிலோ ஆக்கினால் ஆட்டம் 1.6 ஆகும். 8 கிலோ ஆக்கினால் 2.6 ஆகும், அது பந்தயத்திற்கே உரிய நிலை, குழி நிறைந்த வீதிக்கு ஒவ்வாது.

“சக்கரத்தினிடத்தே” என்ற சொல்லை விட்டுவிடலாகாது. சில கார்களில் சுருள்வில் சக்கரத்திற்கு நெருங்கி நிற்கிறது. வேறு சிலவற்றில் தாங்கு கையின் நடுவே நிற்கிறது. சக்கரம் 10 மி.மீ. எழும்போது வில் 7 மி.மீ. மட்டுமே அமுங்குமாயின், வில்லின் விறைப்பில் ஏறத்தாழப் பாதியே சக்கரத்தை அடைகிறது. ஏனெனில் இங்கு 0.7 என்பதன் வர்க்கம் கணக்கில் வருகிறது. ஆகவே நண்பர் காரிலுள்ள வில்லின் எண்ணைக் கேட்டறிந்து, தம்முடைய வேறு மாதிரிக் காருக்கும் அதே எண்ணை வாங்குவது பொருளற்ற செயல்.

இனி ஷாக் அப்சார்பர். இப்பெயர் சற்றே வழிதவறச் செய்வது. அதிர்ச்சியை ஏற்பது வில். ஏற்றதைத் திருப்பித் தராதபடி அடக்குவது ஷாக் அப்சார்பர். எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கி, ஆட்டத்தின் சக்தியை அது வெப்பமாக மாற்றுகிறது. முற்கூறிய சோதனையில் எடையின் அடியில் ஒரு தட்டையான தகரத் தட்டைப் பொருத்தி, அதை நீர் நிறைந்த வாளிக்குள் ஆடவிட்டால், மாணவர்கள் இதனைக் கண்ணாரக் காண்பர்.

வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று அளந்து வைக்கப்பட்டவை. ஒரு காரில் ஓர் ஆட்டம் முடிந்தபின் அதன் வீச்சில் ஏழில் ஒரு பங்கே எஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷாக் அப்சார்பரை மாற்றாமல் வில்லை மட்டும் இரு மடங்கு விறைப்பாக்கினால், எஞ்சும் வீச்சு நாலில் ஒரு பங்காகிவிடும். விறைப்பான வில்லைப் போட்டும் வண்டி துள்ளுகிறதே என்று சிலர் குறைகூறுவதன் விளக்கம் இதுதான். துள்ளும் டயர் தரையைத் தொடாத கணத்தில் பிரேக்கை எவ்வளவு மிதித்தும் பயனில்லை. மறுபுறம், அளவுக்கு மீறிய தணிப்பும் தீங்கே. வில் விரிவதை ஷாக் அப்சார்பர் மிகையாகத் தடுத்தால், சக்கரம் ஒரு குழியிலிருந்து மீள்வதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, இறுதியில் ரப்பர் முட்டின்மீதே அமர்ந்துவிடுகிறது.

வண்டியைத் தாழ்த்துவதிலும் இதே அபாயம் உண்டு. சக்கரம் மேலே எழுவதற்கு 80 மி.மீ. இடமிருந்த காரை 40 மி.மீ. தாழ்த்தினால், பாதி இடமே மீதி. மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்புள்ள பழைய வில் முட்டை அடையுமுன் 160 கிலோ மிகைப்பளுவைத் தாங்கியது. 2.6 கிலோ விறைப்புள்ள புதிய வில்லோ 104 கிலோவிலேயே முட்டிவிடும். முட்டியவுடன் அந்தச் சக்கரத்திற்கு வில் இல்லாததற்கு ஒப்பான நிலை. வளைவின் நடுவே இது நேர்ந்தால் பிடிப்பு திடீரென நழுவும். இந்திய ரோடு காங்கிரஸ் வகுத்த விதிப்படி அமைந்த வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு உரியது. விதியைப் பொருட்படுத்தாமல் எழுப்பப்பட்ட குறுகலான மேடுகளையும் கார் கடந்தாக வேண்டும் என்பதை வெளியூர் சுற்றும் கள அலுவலர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்ஃபெர்சன் வகுத்த முறையில், ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிறுத்தும் தூணாகவும் பயன்படுகிறது. இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்புறம் இவ்வகையே. இவற்றை மிகவும் தாழ்த்தினால் கீழ்க்கை வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடைமையத்தைக் காட்டிலும் விரைவாகக் கீழிறங்குகிறது. எனவே சாயும் விசைக்கு நெம்புகோல் நீண்டுவிடுகிறது. ஸ்டியரிங் கம்பியின் கோணமும் மாறுவதால், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகவே சிறிது திரும்புகிறது. சாய்வைக் குறைக்க எண்ணித் தாழ்த்தியவர் சாய்வைக் கூட்டிக்கொள்வது ஒரு வேடிக்கையே!

சந்தையில் கிடைப்பவற்றுள் முற்றும் விலக்க வேண்டியவை சில. சுருள்வில்லின் ஒரு சுற்றை வெட்டியெடுத்துத் தாழ்த்தும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வெட்டிய வில் தன் இருக்கையில் சரிவர அமர்வதில்லை. சக்கரம் முழுவதும் தொங்கும்போது இடம்பெயரவும் கூடும். தீயில் காய்ச்சித் தாழ்த்துதல் இதனினும் கொடியது, எஃகின் பதமே கெட்டுவிடும். சுருள்களுக்கிடையே செருகும் ரப்பர்த் துண்டுகள் மலிவானவை. ஆனால் அவை சில சுருள்களை வேலை செய்யவிடாமல் தடுத்து மற்றவற்றின்மீது சுமையை ஏற்றுகின்றன. தணிப்பையோ அவை சிறிதும் கூட்டுவதில்லை.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, ஒரே தயாரிப்பாளர் வில்லையும் ஷாக் அப்சார்பரையும் பொருத்தம் பார்த்து விற்கும் தொகுதி. மற்றொன்று, மரையிட்ட உடலில் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய ‘காயிலோவர்’. பின்னது நான்கு சக்கரங்களின் பளுவையும் தராசில் நிறுத்துச் சரிசெய்யத் தெரிந்தவர் கையில் சிறந்த கருவி. தெரியாதவர் கையில் நான்கு மூலையும் நான்கு விதமாக நிற்கும் வண்டியைத் தரும். மரையில் சேறும் உப்பும் படிந்து இறுகிப்போவதும் உண்டு. வாரத்தில் ஆறு நாள் வீதியில் ஓடும் காருக்கு முதல் வகையே ஏற்றது எனலாம். விறைப்பு பழையதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படாமலும், தாழ்வு 2 முதல் 2½ செ.மீ.க்கு உட்பட்டும், ஷாக் அப்சார்பரின் விரிவுத் தணிப்பைக் குமிழால் மாற்றத்தக்கதாயும் இருத்தல் நலம். தடத்தில் தொடர்ந்து ஓடும்போது எண்ணெய் சூடேறி நுரைத்தால் தணிப்பு குன்றும். பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பன் வகுத்தபடி, உயர்ந்த அழுத்தமுள்ள வாயுவை அடைத்த ஒற்றைக் குழாய் வகை இதைப் பெரிதும் தடுக்கிறது. வெப்பத்தையும் விரைந்து வெளியேற்றுகிறது. விலை மட்டும் கூடுதல்.

முன் வில்லையும் பின் வில்லையும் தனித்தனியே தேர்ந்து கலப்பது தகாது. 1930-களில் காடிலாக் நிறுவனத்தில் பணிபுரிந்த மாரிஸ் ஓலி, காரின் மீது எடைகளை இடம் மாற்றி வைத்துச் சோதித்து ஓர் உண்மையைக் கண்டார். மேட்டின்மீது முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, 2.5 மீட்டர் அச்சிடைவெளியுள்ள கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுமாயின், பின்சக்கரம் கால் விநாடி கழித்து ஏறுகிறது. பின்புறம் முன்புறத்தைவிடச் சற்று விரைவாக ஆடினால்தான் இந்தத் தாமதம் ஈடுசெய்யப்பட்டு, வண்டி தலையாட்டுவது நிற்கும்.

இவற்றிற்கெல்லாம் முன்னதாகப் பழைய ரப்பர் புஷ்களையும், தூணின் மேலிருக்கையையும், டயர்களையும் சோதித்துத் தேய்ந்தவற்றை மாற்ற வேண்டும். தேய்ந்த புஷ்களோடு புதிய வில்லைப் பொருத்துவது ஓட்டைக் குடத்தில் பன்னீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடுமாறு வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆகவே வாங்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் விசாரித்துக்கொள்வதும், கழற்றிய பழைய பாகங்களை எறிந்துவிடாமல் வைத்திருப்பதும் உசிதம்.

பொருத்துகையில் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களின்மீது நின்ற பின்னரே இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். சக்கரக் கோணங்களை உடனே ஒரு முறையும், வில்கள் படிந்த பின் மற்றொரு முறையும் சரிபார்த்தல் அவசியம். தணிப்புக் குமிழை வீதிக்கு எத்தனை சொடுக்கு, தடத்திற்கு எத்தனை சொடுக்கு என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வைத்திருக்கலாம். தடத்திலிருந்து வீடு திரும்புமுன், வாயிலைக் கடப்பதற்கு முன்பாகவே, நான்கு குமிழ்களையும் வீதிக்குரிய எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும்.