பலர் கூடி உருவாக்கும் மென்பொருள்

ஆண்ட்ராய்டு வகைத் திறன்பேசியை வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, லினக்ஸ் என்னும் மென்பொருளையும் கையில் வைத்திருக்கின்றனர். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் கருவாக அமைந்திருப்பது லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில், 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் இடம்பெற்றுவரும் கணினிகள் அனைத்தும் லினக்ஸைக் கொண்டே இயங்குகின்றன. இத்தனை பரவலான ஒரு மென்பொருளுக்கு உரிமையாளர் யார் என்று கேட்டால், எந்த ஒரு நிறுவனத்தையும் சுட்டிக்காட்ட இயலாது. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் சிறிது சிறிதாக எழுதிச் சேர்த்ததன் விளைவே அது.

அதன் தொடக்கம் மிக எளிமையானது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக இணையவழி அறிவித்தார். அதில் என்னென்ன வசதிகள் இருக்கலாம் என்று பிறரிடம் கருத்தும் கேட்டார். அது பெரிதாக வளரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. மறு ஆண்டு அதனை ஒரு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். அவ்வுரிமத்தின்படி யார் வேண்டுமானாலும் அதனைப் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் வழங்கலாம். மாற்றியதைப் பிறருக்கு வழங்குபவர், தமக்குக் கிடைத்த அதே உரிமையை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இத்தகைய மென்பொருளைத் ‘திறந்த மூல மென்பொருள்’ என்பர். மென்பொருளை எழுதுபவர் முதலில் மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வரிகளாகவே அதனை எழுதுகிறார். அவ்வரிகள் மூலநிரல் எனப்படும். கடையில் புட்டியில் அடைத்து விற்கப்படும் சம்பலை வாங்கி உண்ணலாம். காரம் மிகுந்துவிட்டால் குறைப்பதற்கு வழியில்லை. செய்முறை கையில் இருந்தால் மிளகாயைக் குறைக்கலாம், நெத்திலியைக் கூட்டலாம், அண்டை வீட்டாருக்கும் எழுதிக் கொடுக்கலாம். மூலநிரல் அத்தகைய செய்முறையைப் போன்றது.

இப்பணியில் பங்கேற்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், பயன்மிக்க பங்களிப்புகள் பலவற்றில் ஒரு வரி நிரல்கூட இருப்பதில்லை. மென்பொருளில் உள்ள பிழையைக் கண்டறிந்து முறையாகத் தெரிவிப்பது அவற்றுள் ஒன்று. மருத்துவரிடம் சென்று “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? எப்பொழுது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, என்ன உண்டீர்கள் என்று அவர் கேட்பார். அதுபோலவே “மென்பொருள் வேலை செய்யவில்லை” என்னும் புகாரால் எவருக்கும் பயனில்லை. எந்தப் பதிப்பில், எந்தெந்தப் பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தியபோது, என்ன நடக்கும் என எதிர்பார்த்து, என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அதைப் படிப்பவர் தம் கணினியிலும் அதே பிழையை வரவழைத்துப் பார்க்க முடிந்தால், பாதி வேலை முடிந்துவிட்டது எனலாம்.

பிழையைத் திருத்த முன்வருபவர், மூலநிரலின் ஒரு நகலைத் தம் கணினியில் இறக்கிக்கொள்கிறார். மாற்றத்தைச் செய்து, சோதித்து, அந்த மாற்றத்தை மட்டும் தனியே அனுப்புகிறார். கூடவே, ஏன் இதைச் செய்தார் என்பதையும் சில வரிகளில் விளக்குகிறார். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ள ‘கிட்’ என்னும் கருவி பெரிதும் உதவுகிறது. இதனை 2005ஆம் ஆண்டில் உருவாக்கியவரும் டோர்வால்ட்ஸே.

அனுப்பப்பட்ட மாற்றம் உடனே சேர்ந்துவிடாது. திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் அதனை வரி வரியாகப் படிப்பார், கேள்வி கேட்பார், திருத்தி அனுப்பச் சொல்வார், சில வேளைகளில் ஏற்க முடியாது என்றும் சொல்லிவிடுவார். புதியவர்கள் மனம் தளர்வது இவ்விடத்தில்தான். ஆசிரியர் கட்டுரையில் சிவப்பு மையால் குறியிட்டுத் தருவதைப் போன்றதே இது. ஒரே முறையில் பெரிய மாற்றத்தைச் செய்ய முயல்வதைவிட, ஓர் எழுத்துப்பிழையையோ விளக்கக் குறிப்பில் உள்ள ஒரு தெளிவற்ற வாக்கியத்தையோ திருத்தித் தொடங்குவதே சிறந்தது. சிறிய மாற்றத்தைப் படித்துப் பார்ப்பவருக்கும் அதிக நேரம் ஆகாது.

தமிழ் அறிந்தவர்களுக்கென்றே காத்திருக்கும் பணியும் உண்டு. பயர்ஃபாக்ஸ் உலாவி, லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருள்களின் திரைச் சொற்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கம் செய்து வருகின்றனர். கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் இது நுட்பமான வேலை. ‘ஓப்பன்’ என்னும் ஆங்கிலச் சொல் பட்டியலில் தனியே வந்தால் அதனை எப்படித் தமிழாக்குவது? கோப்பைத் திறக்கும் பொத்தானில் இருந்தால் ‘திற’ என வேண்டும். கோப்பின் நிலையைக் காட்டும் இடத்தில் இருந்தால் ‘திறந்துள்ளது’ என வேண்டும். ‘ஹோம்’ என்பதை ‘வீடு’ என்று எழுதினால் பயனர் சிரிப்பார். ‘முகப்பு’ என்பதே பொருந்தும். எனவே, சொல் திரையில் எங்கே வருகிறது என்று பார்க்காமல் அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பது ஆபத்தானது.

இன்னொரு சிக்கல் சொல்வரிசை. ஆங்கிலத்தில் ‘பேஜ் 3 ஆஃப் 10’ என்றால் 3 முதலிலும் 10 பின்னரும் வருகின்றன. தமிழிலோ ‘10 பக்கங்களில் 3ஆம் பக்கம்’ என்று வரிசை தலைகீழாகிறது. எண்களை இடம் மாற்றிக்கொள்ள நிரலாளர் வழி செய்திருக்காவிட்டால், மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு தமிழறிந்தவராயினும் சரியான தொடரை அமைக்க இயலாது. வேற்றுமை உருபுகளின் கதையோ இதைவிடக் கடினமானது. கணினி ஒரு பெயரை எடுத்து அதன் பின்னால் ‘க்கு’ என்பதை அப்படியே ஒட்டினால் ‘முருகன்க்கு’, ‘கவிதாக்கு’ என்று வரும். ‘முருகனுக்கு’ என்பதில் உகரச் சாரியை தோன்றுகிறது. ‘கவிதாவுக்கு’ என்பதில் வகர உடம்படுமெய்யும் உடன் வருகிறது. இலக்கணம் கற்ற மாணவருக்கு எளிதான இது, கணினிக்குத் தெரியாது. ஆகவே, தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் தொடரையே மாற்றி, ‘பெறுநர்: முருகன்’ என்று அமைத்துவிடுகின்றனர். இத்தகைய இடர்களை நிரலாளருக்கு எடுத்துச் சொல்வதும் ஒரு பங்களிப்பே. தமிழ் தெரியாத அவருக்கு அச்சிக்கல் கண்ணிலேயே படாது.

லினக்ஸ் திட்டத்தில் மாற்றம் செய்பவர் தம் பெயரை ஒப்பமாக இட வேண்டும். பிழையைத் தெரிவித்தவர், சோதித்தவர், சரிபார்த்தவர் ஆகியோரின் பெயர்களையும் அதே குறிப்பில் சேர்க்கும் வழக்கம் உண்டு. பெரிய திட்டங்களில் நிறுவனங்களிடம் ஊதியம் பெற்றுக்கொண்டு இப்பணியைச் செய்வோரும் பலர் உள்ளனர். ஆனால், உலகமே நம்பியிருக்கும் சில சிறிய மென்பொருள்களை ஓரிருவர் மட்டும், ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகின்றனர். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஒருவரே இழுக்கும் நிலை அது. அதனால் விளையும் கேட்டை 2024ஆம் ஆண்டில் உலகம் கண்டது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளின் அளவைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் அது இடம்பெற்றுள்ளது. அதனைப் பல ஆண்டுகளாக ஒருவரே பராமரித்து வந்தார். 2021ஆம் ஆண்டில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் அத்திட்டத்திற்குப் பயனுள்ள திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். பராமரிப்பாளர் களைத்திருந்தார், மனநலப் பாதிப்பும் இருந்தது. வேலை மெதுவாக நடக்கிறது என்று வேறு சில பெயர்களிலிருந்து நெருக்குதலும் வந்தது. காலப்போக்கில் புதியவரும் ஒரு பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் கள்ளவழி ஒன்று சோதனைக் கோப்புகளுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

அதனைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். அவர் தேடியது கள்ளவழியை அன்று. வேறொரு மென்பொருளின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். வேறு யாரேனும் இருந்திருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். அவர் காரணத்தைத் துருவித் துருவித் தேடி, மார்ச் 29ஆம் நாள் உண்மையை வெளியிட்டார். கேடுள்ள பதிப்பு அப்போது பெரும்பாலும் சில லினக்ஸ் தொகுப்புகளின் சோதனைப் பதிப்புகளையே எட்டியிருந்தது. சில மாதங்கள் தாமதமாகியிருந்தால், உலகெங்கும் உள்ள எண்ணற்ற சேவைக் கணினிகளுக்குள் அது பரவியிருக்கும்.

மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் அது பாதுகாப்பாகிவிடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 2014ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை, அதற்குமுன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எல்லாருடைய கண் முன்னும் இருந்தது. எவரும் உற்றுப் பார்க்கவில்லை. திறந்திருப்பது பார்ப்பதற்கான வாய்ப்பைத் தருகிறது. பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

எக்ஸ்இசட்டில் புகுந்த கேடு வெளிப்பட்டதும், லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுவோர் விரைந்து பழைய பதிப்புக்குத் திரும்பினர். தொடக்கம் முதல் அதனைப் பராமரித்து வந்தவர் மீண்டும் அமர்ந்து, நிரலை ஆராய்ந்து, கள்ளவழி நீக்கப்பட்ட 5.6.2ஆம் பதிப்பை அவ்வாண்டு மே மாத இறுதியில் வெளியிட்டார்.