யார் பெரிய கிதார் வித்வான்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றி அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே நானும் என் நண்பரும் ஞாயிறு தவறாமல் ஒரு சண்டை போடுவோம். ராக் சங்கீதத்தில் கிதார் வாசித்தவர்களுக்குள் யார் பெரியவர் என்பதே விவகாரம். "ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை பார்த்தவனுக்கு இந்த வம்பு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் விரலில் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

நண்பர் ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் கட்சி ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். "வலது கைக்காரர்களுக்குச் செய்த கிதாரைத் திருப்பிப் பிடித்து, இடது கையால் மீட்டியவன் தம்பி அவன்! 1970-ல் இருபத்தேழு வயதில் போய்விட்டான். அதற்குள் யார் இவ்வளவு செய்தார்கள்?" என்பார். கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் நம் பிரசன்னா, 2006-ல் ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் ஆல்பமே வெளியிட்டதையும் சாட்சிக்கு இழுப்பார். சாட்சி பலமானதுதான். ஆனாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

எனக்கு வேகத்தில் மயக்கம் இல்லை. ஒரே தந்தியை அழுத்தி, அசைத்து, ஒரு சுரத்தை அழ வைக்கத் தெரிந்தவரே எனக்குப் பெரியவர். அந்த வித்தையில் பி. பி. கிங்கை மிஞ்ச ஆள் இல்லை. அவர் வாசித்தது ப்ளூஸ். ராக் சங்கீதத்துக்கு அது பாட்டன் முறை. 1925-ல் மிஸிஸிப்பியில் பிறந்து, பருத்திக் காட்டில் பஞ்செடுத்து வளர்ந்தவர். பஞ்சைத் தொட்டவர் என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதைதான்! 1949-ல் அவர் வாசித்த கூடத்தில் தீப்பிடித்தது. வெளியே ஓடி வந்தவர், கிதாரை விட்டுவிட்டோமே என்று மறுபடியும் நெருப்புக்குள் ஓடினார். தீக்குக் காரணம் லூஸில் என்ற பெண்ணுக்காக இரண்டு பேர் போட்ட சண்டை என்று பிறகு தெரிந்தது. அன்று முதல் தம் கிதார்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தார்.

இருந்தும் என் முதல் நாற்காலி அவருக்கு இல்லை. அது டோனி அயோமிக்கு.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம். 1965. பதினேழு வயதுப் பையனுக்குத் தகரப் பட்டறையில் அன்றுதான் கடைசி நாள். கச்சேரிக் குழுவோடு ஊர் சுற்றக் கிளம்ப வேண்டும். மத்தியானம் சாப்பிட வந்தவன், இனிப் போகவில்லை என்றான். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று தாயார் திருப்பி அனுப்பினார். போனான். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் இயந்திரம் கொண்டுபோயிற்று. இடது கையால் மீட்டுகிறவனுக்குத் தந்தியை அழுத்துவது வலது கைதான்!

பட்டறை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் தீயில் வெந்து இரண்டு விரல்கள் முடங்கியவர். மிச்ச விரல்களாலேயே ஐரோப்பாவைக் கலக்கியவர். பையன் எழுந்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் குல்லாய் செய்தான். மேலே தோலை ஒட்டினான். மெல்லிய தந்திகளைப் போட்டான். பிற்பாடு சுருதியையும் இறக்கினான். கிதாரின் அடித் தந்திக்கு மூன்று கட்டை. 1971-ல் அவர் அதை ஒன்றரைக் கட்டைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கனத்த நாதம்தான் 'பிளாக் சாபத்' குழுவின் அடையாளம். 2025 ஜூலையில் அதே பர்மிங்ஹாமில் அவர்களுடைய கடைசிக் கச்சேரி நடந்தது. அயோமி அங்கேயும் அந்த விரல்களோடுதான் வாசித்தார்.

இப்போது என் விரல். ஆலையில் கார்டிங் இயந்திரத்தில் என் இடது மோதிர விரலின் நுனி போயிற்று. கிதாரைப் பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு வருஷம் அதன் முகத்தில் விழிக்கவில்லை. என் மனைவிகூட அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள். அயோமியின் கதையைச் சொன்னது வேறு யாருமில்லை, அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வாத்தியார்தான். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிப் பார்த்தேன், வழுக்கிற்று. கடைசியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் மெல்லிய தோலில் உறை தைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "வாசிச்சுக் காட்டுங்க, போதும்" என்றார். காட்டினேன். சகிக்கவில்லை. ஆனாலும் அவர் கடைசி வரை கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் வழக்கு நடந்தது. "அயோமியை உனக்குச் சொன்னதே நான்தானே தம்பி! நான் சொல்கிறேன், ஹெண்ட்ரிக்ஸ்தான்" என்றார் வாத்தியார். பால்கோவா தீர்ந்துவிட்டது. எனக்கும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.