ஒரே கணிப்பொறியில் இரண்டு அறைகள்

பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறை வேறு, அதைச் செலுத்தும் அறை வேறு என்பதை விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கந்தகமும் குளோரேட்டும் கூடினால் சிறு உராய்வே போதும். 1992இல் மத்திய அரசு அக்கலவையையே தடை செய்தது. நம் அறைவீட்டுக் கணிப்பொறியிலும் சேரக்கூடாதவை சேர்ந்திருந்தன என்பதைச் சென்ற ஆண்டுதான் கண்டோம்.

பட்டாசுத் தொழிலாளி ஒருவரின் மகள், கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தாயுடன் வந்தாள். அன்றே கடைசி நாள். பெயரைத் தட்டினால் எழுத்துகள் இரட்டித்து விழுந்தன. புகைப்படம் ஏற்றும் சாளரம் திறக்கவேயில்லை. "ராத்திரிக்குள்ள முடிஞ்சிருமா சாமி?" என்றார் தாய். இணையதளத்தின் மீதே நாம் பழி போட்டோம்.

அச்சகத்தில் பணிபுரியும் பங்கு இளைஞர் ஒருவர் வந்து பார்த்தார். நம் குரோம் உலாவியில் ஆளாளுக்கு நீட்டிப்புகளைச் சேர்த்திருந்தனர். உபதேசியார் சேர்த்தது விளம்பரத்தடுப்பான். ஒருவர் தமிழ்த் தட்டச்சுக் கருவி. மற்றொருவர் ஆங்கிலப் பிழைதிருத்தி. தட்டச்சுக் கருவியும் பிழைதிருத்தியும் ஒரே கட்டத்தில் கைவைத்தன. தடுப்பானோ புதுச் சாளரத்தை விளம்பரமென்று கருதி அடைத்துவிட்டது. தனித்தனியே மூன்றும் நல்லவையே!

யாவற்றையும் நீக்கிவிடலாமே என்றோம். "மத்தவங்க வேலை கெட்டுரும் சாமி" என்றவர், புதிய புரொஃபைல் ஒன்றைத் திறந்தார். உலாவியின் மேல் வலப்புறத்து வட்டப் படத்தை அழுத்தினால் இதற்கு வழி கிடைக்கும். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் நீட்டிப்புகள், குக்கிகள், கடவுச்சொற்கள், புத்தகக்குறிகள் யாவும் தனி. கணிப்பொறியில் அவற்றின் கோப்புறையும் தனி. எட்ஜ், ஃபயர்பாக்ஸ் உலாவிகளிலும் இவ்வசதி உண்டு.

இங்கு ஒரு நுட்பம். புதிய புரொஃபைலில் பழைய கூகுள் கணக்கையே இணைத்து ஒத்திசைவை இயக்கினால், பழைய நீட்டிப்புகளும் பின்னாலேயே வந்து சேரும்; வேலியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாற்போலத்தான். ஆகவே கணக்கை இணைக்காமலே தொடங்கினோம். மறைநிலைச் சாளரத்திலும் நாம் அனுமதித்தாலன்றி நீட்டிப்புகள் இயங்கா. ஆயின் மூடியவுடன் உள்நுழைவு முதலியன மறைந்துவிடும். பலமுறை திரும்ப வரவேண்டிய விண்ணப்பத்திற்கு அது உதவாது.

இரவு ஒன்பதரை மணிக்கு விண்ணப்ப எண் திரையில் தோன்றியது. தாய் அதனைத் தம் ரேஷன் அட்டை உறையின் மேல் எழுதிக்கொண்டார்.

குடும்பத்தார் பலரும் ஒரே கணிப்பொறியைப் பயன்படுத்தும் இல்லங்களில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புரொஃபைல் அறைச்சுவரேயன்றிப் பூட்டு அன்று; கணிப்பொறியைத் திறந்தவர் எவரும் அடுத்தவர் புரொஃபைலுக்குள் நுழையலாம். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் காக்க, விண்டோஸிலேயே தனிப் பயனர் கணக்கும் அதற்கொரு கடவுச்சொல்லும் வேண்டும். நம் அறைவீட்டில் இப்போது "விண்ணப்பம்" என்ற பெயரில் ஒரு புரொஃபைல் நீட்டிப்பு ஏதுமின்றி இருக்கிறது. அதில் எதையும் சேர்க்கலாகாதென்று உபதேசியாரிடம் இருமுறை சொல்லியிருக்கிறோம்.