பாட்டிக்கு நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் கேப்சூல்

விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து வாங்கிய முதல் சம்பளத்தில் பாட்டிக்கு ஏதாவது வாங்கித் தர ஆசைப்பட்டேன். முழங்கால் வலியால் அவர் படும் பாடு எனக்குத் தெரியும். கடைத்தொகுதியில் மஞ்சள் கேப்சூல் போத்தல் ஒன்று கண்ணில் பட்டது. ‘மூட்டுகளுக்கு நல்லது, முற்றிலும் இயற்கை’ என்று அதில் எழுதியிருந்தது.

“மஞ்சள்தானே, தினமும் குழம்பில் போடுவதுதானே,” என்று பாட்டியும் மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொண்டார்.

பாட்டிக்கு வயது 74. இதயத்துடிப்பு சீராக இல்லாததால் சில ஆண்டுகளாக ‘வார்ஃபரின்’ என்ற மருந்தைச் சாப்பிடுகிறார். இதயத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்காமல் தடுப்பது அதன் வேலை.

மூன்று வாரங்கள் கழித்து, வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு நான் அவரை அழைத்துச் சென்றேன். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை ‘ஐஎன்ஆர்’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். மருந்து எடுக்காதவருக்கு அது ஏறத்தாழ 1. பாட்டியைப் போன்றவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். அன்று பாட்டிக்கு 5.6. எங்காவது ரத்தம் கசியத் தொடங்கினால் எளிதில் நிற்காது.

மருந்தாளர் மலாயில் கேட்டார், வேறு ‘உபாட்’ ஏதாவது எடுக்கிறாரா என்று. பாட்டி இல்லை என்று தலையசைத்தார். நானும் இல்லை என்றேன். எங்கள் இருவருக்கும் அது மருந்தாகவே தோன்றவில்லை.

அவர் விடவில்லை. “சத்து மாத்திரை? சூப்பில் போடும் வேர்? ஊரிலிருந்து வந்த லேகியம், பொடி?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. பாட்டியின் கையில் இருந்த கன்றிய தழும்புகளையும் அப்போதுதான் கவனித்தேன்.

கேப்சூலை உடனே நிறுத்தச் சொன்னார்கள். மருத்துவர் வார்ஃபரினையும் இரண்டு நாள்களுக்கு நிறுத்திவைத்தார். அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியது. நல்லவேளை, அதற்குள் பாட்டி எங்கும் வழுக்கி விழவில்லை.

குழம்பு வேறு, கேப்சூல் வேறு

சமையலில் சேர்ப்பது ஒரு சிட்டிகை மஞ்சள். கேப்சூலில் இருப்பதோ செறிவூட்டப்பட்ட சாறு. உடல் அதை அதிகம் உறிஞ்சிக்கொள்ள மிளகுச் சத்தையும் பலர் சேர்க்கிறார்கள். மஞ்சள் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கிய வார்ஃபரின் நோயாளி ஒருவரின் ஐஎன்ஆர் 10ஐத் தாண்டியதாக, 2018ல் நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது.

மஞ்சள் மட்டுமல்ல. ‘டாங் குவை’ வேரும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடும். ஜின்செங் அதைக் குறைக்கக்கூடும். மனச்சோர்வுக்கு என்று விற்கப்படும் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ மூலிகை, கல்லீரல் மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் வேகத்தை அதிகரிக்கிறது. அதனால் கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் எடுக்கும் மருந்து போன்றவையும் பலனிழக்கலாம்.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தேன். வார்ஃபரினின் கதையே ஒரு தீவனச் செடியில்தான் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ‘ஸ்வீட் குளோவர்’ தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் இறந்தன. அதற்குக் காரணமான பொருளை ஆராய்ந்தபோதுதான் இந்த மருந்துக்கு வழி பிறந்தது.

சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளை விற்க, மருந்துகளைப் போல முன்கூட்டியே அனுமதி பெறத் தேவையில்லை. கடையில் இருப்பதாலேயே நம் வீட்டுப் பெரியவரின் மருந்தோடு அது ஒத்துப்போகும் என்று எண்ணிவிடக் கூடாது.

உங்கள் தாத்தா பாட்டிக்கு இப்படி ஏதாவது வாங்கும் முன், அவர்களின் மருந்துப் பட்டியலை மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது பாட்டி மருத்துவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் எங்களுடன் வருகிறது. மாத்திரை, தைலம், பொடி என வீட்டில் அவர் பயன்படுத்தும் அனைத்தும் அதற்குள் இருக்கும்.