உருகும் சூட்டிலும் உருகாத பிளேடு: விமான இன்ஜினைக் காக்கும் மெல்லிய பீங்கான் பூச்சு!

விமானத்தில் ஜன்னல் சீட் கிடைச்சா, இறக்கைக்குக் கீழே தொங்கும் இன்ஜினைக் கொஞ்சம் கவனிங்க. டேக் ஆஃப் நேரத்தில் அதற்குள் எரிந்து வரும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அது நேராக மோதுவது டர்பைன் பிளேடுகள் மீது. பிளேடு செய்யப்பட்ட நிக்கல் உலோகக் கலவையோ, சுமார் 1,300 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும்.

அப்போ பிளேடு எப்படித் தாக்குப்பிடிக்குது?

இரண்டு பாதுகாப்பு

ஒன்று, பிளேடுக்கு உள்ளே இருக்கும் நுண்ணிய பாதைகளில் ஓடும் காற்று. இன்னொன்று, வெளியே பூசப்படும் 'தெர்மல் பேரியர் கோட்டிங்' என்ற பீங்கான் பூச்சு. தடிமன், கால் மில்லிமீட்டர் அளவுதான்.

பூச்சு மட்டும் போதாது. அது வெப்பம் உள்ளே போவதை மெதுவாக்கும், அவ்வளவுதான். உள்ளே வந்த வெப்பத்தைக் காற்று இழுத்துக்கொண்டு போகணும். இரண்டும் சேர்ந்தால், பூச்சின் வெளிப்பக்கத்தைவிட உலோகத்தின் சூடு 100 டிகிரிக்கும் மேல் குறையும்.

ஏன் ஸிர்கோனியா?

பூச்சின் முக்கியப் பொருள் ஸிர்கோனியா. வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். பீங்கான் வகைகளில், சூட்டில் ஓரளவு உலோகத்தைப் போலவே விரியக்கூடியது. ஆனால் தனி ஸிர்கோனியா சூடாகி ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறி, வெடித்துவிடும். அதைத் தடுக்க 6 முதல் 8 சதவீதம் இட்ரியா சேர்க்கிறார்கள். நாசா, 1976-ல் இந்த வகைப் பூச்சை ஜெட் இன்ஜின் டர்பைனிலேயே பரிசோதித்தது.

வில்லன் யார்?

தூசியும் எரிமலைச் சாம்பலும்தான்.

1982 ஜூன் 24. லண்டனில் கிளம்பி மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. சாம்பல் இன்ஜினுக்குள் உருகி ஒட்டிக்கொள்ள, நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. விமானம் கீழே இறங்கிச் சாம்பலைவிட்டு வெளியேறியதும், ஒட்டியது ஆறி உடைந்து விழ, இன்ஜின்கள் மறுபடி இயங்கின. ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது.

உருகிய தூசிக்கு இன்னொரு வேலையும் தெரியும். சுமார் 1,200 டிகிரியில் குழம்பாகி, பூச்சின் நுண்ணிய இடைவெளிகளுக்குள் இறங்கும். ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். விரிந்து சுருங்க இடமில்லாத பூச்சு, செதில் செதிலாக உரியும். அந்த இடத்தில் உலோகம் நேரடியாகச் சூட்டில் மாட்டிக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல். இன்ஜின் எவ்வளவு சூடாக இயங்குகிறதோ, அவ்வளவு எரிபொருள் மிச்சம். ஆனால் சூடு கூடக் கூட, தூசி உருகும் வாய்ப்பும் கூடும்.

அடுத்து என்ன?

கடோலினியம் ஸிர்கோனேட் போன்ற புதிய பூச்சுகள் இதற்கு ஒரு வழி காட்டுகின்றன. இவை உருகிய தூசியோடு வினைபுரிந்து, அதை மேற்பரப்புக்கு அருகிலேயே படிகமாக இறுக வைத்து, மேலும் உள்ளே இறங்காமல் அடைத்துவிடும்.

இன்னொரு பக்கம், பொறியாளர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் மெல்லிய கேமராவை இன்ஜினுக்குள் விட்டு, பிளேடுகளைச் சோதிக்கிறார்கள். அவர்கள் தேடுவதில் முக்கியமான ஒன்று, பூச்சு உரிந்த இடம்!