வைரஸுக்குப் பேர் வைக்கும் அறையில்!

வாங்க வாங்க, கதவு மூடுவதற்குள் உள்ளே வந்துவிடுங்கள்! சென்னையில் ஒரு வைரஸ் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஒரே நிபந்தனை: ஆய்வகத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதக்கூடாது. நாள் முழுக்கப் பேர் வைக்கிற இடத்தில் ஒரு பேர்கூட வெளியே சொல்லக்கூடாதாம். நல்ல வேடிக்கை!

முதலில், மாதிரிகள் வந்து இறங்கும் மேசை. ஐஸ் பெட்டியை இப்போதுதான் பிரிக்கிறார்கள். உறைக்குள் உறை, அதற்குள் இன்னொன்று. கடைசியில் ரோஸ் நிறத் திரவத்தோடு ஒரு சின்னக் குழாய். மூக்கைத் துடைத்தெடுத்த குச்சி அதில் முங்கிக் கிடக்கிறது. கூடவே ஒரு கட்டு படிவங்கள். ஒன்றில் ‘சென்னை’, அடுத்ததில் ‘மெட்ராஸ்’, மூன்றாவதில் ஏரியா பெயர் மட்டும். “அக்கா, இது ஒண்ணா, ஏழா?” என்று ஒரு தம்பி படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். “அது டாக்டர் கையெழுத்துப்பா, எழுதினவருக்கே தெரியுமோ என்னவோ!” என்றபடி அக்கா போனை எடுக்கிறார்.

நோயாளியின் பெயர் இந்த மேசையோடு சரி. இதற்கப்புறம் பார்கோடு ஸ்டிக்கர்தான். உலகத்துக்குப் போகிற பெயரில் அந்த மனிதரின் பெயர் இருக்காது.

அடுத்த அறையைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். கவுன், இரட்டைக் கையுறை, முகக்கவசம். ஏசி ஓடியும் நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளே ஒருவருக்கு மூக்கு அரிக்கிறது, தொட முடியாதே! முகத்தைச் சுளித்து, தோளை உலுக்கி அவர் ஆடுகிற ஆட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. வைரஸின் மரபணுவைப் படிக்கும் இயந்திரம் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதோ, நாம் தேடிவந்த இடம்! கணினித் திரையைச் சுற்றி மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள், மூடியில்லாத பேனாக்கள், பாதி பிரித்த பிஸ்கட் பாக்கெட். ஃப்ளூ வைரஸுக்குப் பேர் இங்கேதான் விழுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1980-ல் திருத்தி வகுத்த வரிசை இது: வைரஸின் வகை, எந்த உயிரினம், எந்த ஊர், ஆய்வக எண், ஆண்டு. ‘ஏ/கூஸ்/கு­வாங்டாங்/1/1996’ போன்ற பெயர்களில் கூஸ் என்னும் வாத்து இனப் பறவை வந்து நிற்கும். மனிதரிடமிருந்து எடுத்ததென்றால் உயிரினத்தின் பெயரே வராது. “நம்மளைச் சொல்லவே வேண்டாமாம், அவ்வளவு பிரபலம்!” என்கிறார் அக்கா.

ஆண்டை நாலு இலக்கத்தில் எழுதச் சொல்லிக் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு. காரணம் இருக்கிறது. அலாஸ்காவில் உறைமண்ணில் புதைந்திருந்த உடலிலிருந்து மீட்ட கொள்ளைக் காய்ச்சல் வைரஸின் பெயர் ‘ஏ/பிரெவிக் மிஷன்/1/1918’. வெறும் ‘18’ என்று போட்டால் நூறு வருஷம் தாவி 2018-க்கு வந்துவிடுமே!

திடீரென்று “ஐயோ!” எக்செல் தன் திருவிளையாடலைக் காட்டிவிட்டது. ‘3-12’ என்று தட்டிய மாதிரி எண்ணைத் தேதியாக்கி உட்காரவைத்திருக்கிறது. இதே தொல்லை தாங்காமல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே நிபுணர்கள் மாற்றியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் கொரோனாவின் வம்சாவளி. இங்கே கணக்கு வேறு. புள்ளி வைத்த எண்கள் மூன்றைத் தாண்டினால் புது எழுத்துக்குத் தாவ வேண்டும். பி.1.1.529-ன் பிள்ளைகள் ‘பிஏ’ ஆனது அப்படித்தான், பிஏ.2.86.1.1 சுருங்கி ‘ஜேஎன்.1’ ஆனது. இரண்டு வம்சம் கலந்து பிறந்தால் ‘எக்ஸ்’ முன்னால் வரும். தம்பி இதை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். கடைசியில் மூச்சு வாங்குகிறது.

ஒரு சந்தேகம் கேட்டேன்: ஊர் பெயரைச் சேர்த்தால் அந்த ஊருக்குக் கெட்ட பேர் வராதா? அக்கா தயாராக இருக்கிறார். புது நோய்க்கு ஊர் பெயர் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அது நோய்க்கு. மாதிரிக்கு ஊர் வேண்டும். இல்லாவிட்டால் எந்த வைரஸ் எங்கே, எப்போது பரவியது என்று தொடர முடியாது. இங்கிருந்து போகும் பெயரை இன்னொரு நாட்டு ஆய்வகம் வாசித்த உடனே புரிந்துகொள்ள வேண்டும். இத்தனை போன், வியர்வை, ஒட்டுச்சீட்டு எல்லாம் அதற்காகத்தான்.

கிளம்புமுன் ஒரு பரிசு. அடுத்த முறை ஃப்ளூ தடுப்பூசி அட்டை கையில் கிடைத்தால் பொடி எழுத்தைப் பாருங்கள். ‘ஏ/டார்வின்/9/2021’ மாதிரி ஏதாவது இருக்கும். வகை ஏ, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம், ஒன்பதாம் எண் மாதிரி, 2021. உயிரினம்? எழுதவில்லையே, அப்படியானால் நம்ம ஆள்தான்!