ஒலிபெருக்கியின் மென்றகடும் உப்புக் காற்றும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் ஒலிபெருக்கியின் துணையின்றி நாளொன்றைக் கழிப்பதில்லை. கற்பிட்டி, புத்தளம் ஆகிய ஊர்களின் பள்ளிவாசல்களிலிருந்து எழும் பாங்கும், முன்னேசுவரத்துத் திருவிழா அறிவித்தல்களும், தலவில புனித அன்னம்மாள் தேவாலயத்துப் பெருநாள் வழிபாடும், உடப்புத் திரௌபதை அம்மன் கோவில் விழாவின் பாட்டும் மக்கள் செவியைச் சென்றடைவது இக்கருவியினாலேயே. உடப்பு மீனவர் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களைப் பதிவு செய்து ஆராய்வோரும் இறுதியில் ஓர் ஒலிபெருக்கியின் வாயிலாகவே அவற்றைக் கேட்கின்றனர். ஆகவே, அக்கருவி குரலை உள்ளவாறு தருகின்றதா என்னும் வினா பொறியியலாருக்கு மட்டும் உரியதன்று.

இன்று வழங்கும் ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை 1925ஆம் ஆண்டில் இறைசு, கெலொக்கு என்னும் அமெரிக்கப் பொறியியலார் வெளியிட்ட அமைப்பின் வழிவந்தவை. காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட கம்பிச் சுருளில் மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது. அதனோடு ஒட்டிய மென்றகடு காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்குகின்றது. தாழ்ந்த மீடிறன்களில் மென்றகடு முழுவதும் ஒருங்கே அசையும். மீடிறன் உயர உயர, சுருளின் அருகே தோன்றும் அசைவு விளிம்பை அடையுமுன் சுருள் திசை மாறிவிடும். அப்போது மென்றகட்டின் ஒரு பகுதி முன்செல்ல மற்றொரு பகுதி பின்செல்லும். இப்பிளவதிர்வே ஒலியின் நிறத்தை மாற்றுகின்றது.

இதனைத் தீர்மானிக்கும் இயல்புகள் மூன்று: விறைப்பு, அடர்த்தி, உட்தணிவு. அலுமினியத்தின் யங்கின் மட்டு ஏறத்தாழ 70 கிகாபசுக்கால். அடர்த்தி கனமீற்றருக்கு 2700 கிலோகிராம். கூம்புத் தாளுக்கு அவற்றை முறையே 2 எனவும் 600 எனவும் கொள்ளலாம். தாளை வலுவற்றதெனத் தள்ளிவிடத் தோன்றும். ஆயின், நிறையும் பரப்பும் சமமாயிருப்பின் தாள் அலுமினியத்தைவிட நாலரை மடங்கு தடிப்பாயிருக்கும். வளைவுக்கான விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்கிற்கேற்ப உயர்வதால், 35 மடங்கு குறைந்த மட்டினையும் ஈடுசெய்து, தாள் இரண்டரை மடங்கு விறைப்பாக நிற்கும். மேலும், அதன் நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை விரைவில் தணிக்கின்றன. உலோகத்திலோ தணிவு மிகக் குறைவு. பிளவதிர்வு தொடங்குமிடத்தில் மணியைப்போற் கூர்மையான பரிவு எழும். ஒரு நூற்றாண்டாகத் தாள் நிலைத்திருப்பதன் காரணம் மலிவு மட்டுமன்று.

எனினும் தாளின் பகை ஈரம். றபானும் தப்பும் அடிப்போர் தோலை நெருப்பிற் காய்ச்சிய பின்னரே அடிப்பர். ஈரந்தோய்ந்த தோலின் ஓசை மழுங்கும் என்பதை அவர்கள் அறிவர். தாளிலும் அஃதே நிகழ்கின்றது. செலுலோசு நார்களைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்புகளில் நீர் புகுந்து அவற்றைத் தளர்த்துகின்றது. மட்டுக் குறைகின்றது, நிறை கூடுகின்றது. மட்டுப் பாதியானால் மேற்கூறிய மேம்பாட்டிற் பெரும்பகுதி நீங்கிவிடும்.

கடற்கரையில் இவ்விடர் இரட்டிப்பாகும். சோடியங் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடக்கும்போது நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டு 33 சதவீதத்திலேயே கரையும். புத்தளத்து உப்பளங்களில் வாரிய புதிய உப்பு நீர் கசிவதும் இதனாலேயே. கடற்காற்று கொணரும் உப்புத் துகள் கூம்பிற் படிந்தால், பகலிற் காய்ந்த தாள் இரவில் மீண்டும் நனையும். வைகறையில் ஒலிபரப்பும் கருவிக்கு இதுவே மிக மோசமான வேளை.

மாற்றுப் பொருள்களும் உண்டு. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஆய்வாளர் 1960களில் பெக்சுதிரீன் என்னும் பிளாத்திக்குக் கூம்பையும், 1970களில் பொலிப்புரொப்பிலீனையும் ஆராய்ந்தனர். பின்னது நீரை உறிஞ்சாது, தணிவும் மிக்கது. ஆயினும் விறைப்புக் குறைவு, வெயிலில் நலியும், பசை எளிதிற் பற்றாது. கொம்பு ஒலிபெருக்கிகளிற் பீனோற் பிசினூட்டிய துணி, அலுமினியம், தைத்தேனியம் ஆகியன வழங்குகின்றன. குளோரைட்டு அலுமினியத்தை அரிக்கும். தைத்தேனியம் அதனை நன்கு தாங்கும். பெரிலியத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 12,000 மீற்றர், அலுமினியத்தில் 5000. யமகா நிறுவனம் 1974இல் பெரிலிய மென்றகடுகளைக் கொண்ட ஒலிபெருக்கியை வெளியிட்டது. ஆயின் அதன் விலையும் தூளின் நச்சுத்தன்மையும் பொதுப் பயனுக்கு ஏற்றனவல்ல.

தமிழ்ப் பேச்சுக்கு இதனால் நேரும் இழப்பு யாது? உயிரொலிகளின் வலிமை பெரிதும் தாழ்ந்த மீடிறன்களில் உள்ளது. மெய்களைப் பிரித்தறியும் குறிகள் பெரும்பாலும் 1000 முதல் 4000 ஏட்சு வரை அமைகின்றன. பிளவதிர்வு இவ்வெல்லையிலேயே தொல்லை தரும். தலை, தளை, தழை என்பன ஒன்றாய்க் கேட்கும். கத்தியும் கட்டியும் மயங்கும். ஒலி உரத்திருப்பினும் பொருள் தெளியாது. கடல் கொந்தளிக்கும்போது மீனவருக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையில் இம்மயக்கம் உயிருக்கே கேடாகலாம். அம்பாப் பாடலை எழுத்திற் பெயர்ப்பவருக்கோ, கருவியின் குறை பாடுவோரின் உச்சரிப்பாகத் தோன்றும். பிழையான முடிவு வட்டார வழக்கு ஆய்வில் நிலைபெற்றுவிடும்.

ஆதலின் மூன்று செயல்கள் வேண்டப்படுகின்றன. திறந்தவெளிக்குத் தாட்கூம்பைத் தவிர்த்துப் பிசினூட்டிய துணி அல்லது தைத்தேனியம் கொண்ட கொம்புகளைத் தெரிதல். கொம்பின் வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தல். மேற்காட்டியன போன்ற சொல்லிணைகளை நண்பகலிலும் வைகறையிலும் ஒலிபரப்பி, பல்வேறு தொலைவுகளில் நிற்போர் கேட்டவாறு எழுதச் செய்து ஒப்பிடுதல். இறுதிச் சோதனைக்குத் தாளும் எழுதுகோலுமே போதும். விலையுயர்ந்த கருவிகளைக் கேட்டுக் காத்திராது, மாணவர் குழுவொன்று இதனை ஊர்தோறும் நிகழ்த்துதல் கூடும்.